நாகமோகன் வந்த காலை

கல்லாறு பாலத்தருகே வேன் வந்து நின்றதும் ஆஷா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொன்முடிப் பறவை நடைக்கு வருகிற பிள்ளைகளை அவள் எப்போதும் அப்படித்தான் பார்த்து எடை போடுவாள். வாந்தி எடுக்கப் போகிற முகம், அம்மா விரட்டி அனுப்பிய முகம், செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று உர்ரென்று இருக்கிற முகம். எல்லாம் இருந்தன. அவள் தேடிய முகம் மட்டும் இல்லை. தம்பி மகள் திவ்யலட்சுமி வரவில்லை.

ஒரு மாதமாக இதே பேச்சாக இருந்த குழந்தை. "அத்தை, அட்டை கடிச்சா உப்புப் போடணுமா, மூக்குப்பொடியா?" என்று தினமும் ஒரு சந்தேகம் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தவள். பிறந்தநாளுக்கு ஆஷா வாங்கிக் கொடுத்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறாள் என்று அவள் அம்மா ராஜஸ்ரீ சொல்லிச் சிரித்திருந்தாள். அப்படிப்பட்டவள் வரவில்லை என்றால் சும்மா இருக்காது. ஆஷா தம்பிக்குப் போன் போட்டாள்.

"அய்யோ, சொல்ல மறந்தே போச்சு அக்கா, ஸாரி கேட்டியா," என்றான் கௌசிக். "அவ தூரம். நேத்து சாயங்காலம்."

"அதுக்கென்ன? வலிக்கு மாத்திரை என் பையிலயே இருக்கு. வேன்ல ஏத்தி விட வேண்டியதுதானே?"

"அம்மா சம்மதிக்கல்லே. நாலாம் நாள் குளிச்சுட்டுத்தான் எங்கேயும் போகணும்கறா. குழந்தை கம்ஃபர்ட்டபிளாத்தான் இருக்கா. உன்னோட பழைய எடம்தான். நான் பெயிண்ட் அடிச்சு, ஃபேன் போட்டு, நன்னாப் பண்ணி வெச்சிருக்கேன். வைஃபை கூடக் கிட்டும்."

"எந்தப் பழைய எடம்?"

"தொழுவமாக்கும். வேற எது?" கௌசிக் சிரித்தான். "நீதானே ஊர் பூரா சொல்லிண்டு நடக்கறாய், அதுதான் என் முதல் பள்ளிக்கூடம்னு."

ஆஷாவுக்குக் கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம் காதில் விழவில்லை. பிறகு, கூட வேலை செய்கிற ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டாள். "நீ கொண்டு போடா, எனிக்கு வீட்டில் போணம்," என்றாள். அவன் காரணம் கேட்கவில்லை. பத்து வருடமாக அவளோடு மலை ஏறுகிறவன். அவள் 'வீடு' என்ற சொல்லைச் சொல்லி இப்போதுதான் கேட்கிறான். திறந்த வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனான்.

மலையிறங்கி, நகரத்துக்குள் கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கிடைக்காவிட்டால் அவள் படியில் நின்றாவது வந்திருப்பாள். அடைத்த இடம் அவளுக்கு ஆகாது. அது ஊரறிந்த விஷயம். காடென்றால் ஆஷாவுக்கு உயிர், கூரைக்குக் கீழே அவளுக்குத் தூக்கம் வராது என்பார்கள். அவளும் இல்லை என்று சொன்னதில்லை. நாற்பத்தெட்டு வயதில் சொல்லிக்கொள்ள அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான், அதை ஏன் விடுவாள்?

கோட்டைக்குள், கோயிலுக்குத் தெற்கே, அக்கிரகாரத் தெருவில் ஒரு நீள வீடு. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு வரை தெரியும். கிணற்றுக்கு அப்பால் ஒரு பலாமரம், அதன் கீழே ஒரு தொழுவம். மாடுகளை அவள் பிறப்பதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். தொழுவம் காலியாக இருக்குமா, இருக்கவிடுவார்களா? மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்கள் அங்கே இருந்தார்கள். முதலில் அத்தைமார், பிறகு அம்மா, பதிமூன்று வயதிலிருந்து ஆஷா. ஒரு கோரைப்பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைத்த கல்தொட்டி ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. சோறு வரும், தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், நாய்க்கு வைக்கிற மாதிரி. பலாமரத்துப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். வேறென்ன செய்வது, அதன் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தக் குருவி எப்போது வரும், எது எதைத் துரத்தும், எது யாருக்கும் பயப்படாது என்பதெல்லாம் அவளுக்கு அங்கே தெரிந்ததுதான். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ செய்தாள். மருந்துக் கம்பெனிக்காக ஸ்கூட்டரில் நெடுமங்காடு, பாலோடு என்று வெயிலில் அலைந்தாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு பம்பாயில் ஏழாவது மாடியில் இரண்டு வருடம் இருந்து பார்த்தாள். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது என்றாள். புருஷன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் குழந்தை பெற்றுக்கொள் என்றார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள், பறவைக் கணக்கெடுப்புக்குப் போனாள், அட்டையிடம் கடி வாங்கினாள், யானையிடம் ஓடினாள். கடைசியில் கல்லாற்றங்கரையில் ஒரு வாடகை வீடும், பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகும் இந்த வேலையுமாக நின்றாள்.

பேச்சு என்று முதன்முதலில் அவளைக் கூப்பிட்டது ஒரு காலேஜ். எப்படி இந்த வாழ்க்கைக்கு வந்தீர்கள் என்று கேட்டார்கள். அவளும் வெள்ளந்தியாக உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஹாலே விறைத்துப் போயிற்று. ஒருவர் செருமினார், ஒரு டீச்சர் மணியைப் பார்த்தார், கேள்வி நேரத்தில் ஒரு கை கூட எழவில்லை. அடுத்த இடத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொன்னாள். கைதட்டினார்கள். அதற்கடுத்த இடத்தில் இன்னும் கொஞ்சம். "என்னை வெளியே உட்கார வைத்தார்கள். நான் அங்கே வானத்தைக் கண்டேன். அந்தத் தொழுவம்தான் என் முதல் பள்ளிக்கூடம்" என்று முடித்தால் எழுந்து நின்றே தட்டினார்கள். போன வருடம் ஒரு யூடியூப் சேனல் பெண் கல்லாறு வரை வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். 'தொழுத்தில் நின்னு காட்டிலேக்கு', தொழுவத்திலிருந்து காட்டுக்கு, என்று மலையாளத்தில் தலைப்புப் போட்டு, பின்னால் புல்லாங்குழல் வேறு. அதிலே ஆஷா நாகமோகனைப் பற்றிச் சொல்வாள். பால்வெள்ளை உடம்பும் நாடா மாதிரி நீள வாலுமாக ஒரு பறவை ஒருநாள் காலை பலாக்கிளையில் வந்து உட்கார்ந்ததை, அவள் காலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை, அன்றைக்கே தன் வாழ்க்கை முடிவாகிவிட்டதைச் சொல்வாள். "அழுதீங்களா சேச்சி?" என்று அந்தப் பெண் கேட்பாள். "எதுக்கு அழணும்?" என்று ஆஷா சிரிப்பாள். அந்த இடத்தில் புல்லாங்குழல் கொஞ்சம் ஓங்கி ஒலிக்கும்.

அது எந்தக் காலை என்பதை மட்டும் அவள் சொல்ல மாட்டாள்.

கிழக்கேகோட்டையில் இறங்கியவள் வாசல் வழியாகப் போகவில்லை. பின்சந்தில் நுழைந்து, கொல்லைக் கதவின் கொண்டியைக் கையை விட்டு நீக்கினாள். அந்தக் கொண்டி எங்கே இருக்கிறது என்று கைக்கு இன்னும் தெரிந்திருந்ததில் அவளுக்குக் கோபம் வந்தது.

தொழுவம் மஞ்சளாக இருந்தது. கௌசிக் பெயிண்ட் அடித்ததோடு விட்டானா, சுவரில் ஒரு மீன்கொத்தியையும் வரைய வைத்திருந்தான். கல்தொட்டியில் மணிபிளாண்ட். கோரைப்பாய்க்குப் பதில் ரப்பர் மெத்தை. உள்ளே பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு திவ்யா உட்கார்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அத்தை! கேம்ப் எந்தா ஆயி? நீங்க இல்லாம போயாச்சா?"

"போயாச்சு. நீ என்ன பண்றாய்?"

"ஞான் நோட்டம் பண்ணிண்டிருக்கேன். ரெண்டு புள்ளிக்குயில், ஒரு மரங்கொத்தி. நாகமோகன் வரல்லே." திவ்யா ஜன்னலைக் காட்டினாள். "உங்க ஜன்னல்தானே இது? அப்பா வேற வைக்கறேன்னா, பாட்டி அதே இருக்கட்டும்னா."

ஆஷா உள்ளே போய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். குழந்தை ஒரு கணம் உடம்பை விறைத்தாள். "தொடப்படாது அத்தை, பாட்டி சொல்லியிருக்கா," என்றாள். பிறகு அத்தையின் தோளில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். ஒரு தட்டில் இட்லி தொடாமல் காய்ந்து கிடந்தது.

"வலிக்கறதா?"

"கொஞ்சம். ராத்திரி ஜாஸ்தியா இருந்துது. அம்மாவை வந்து கூட இருக்கச் சொன்னேன். அம்மா வாசப்படியிலயே நின்னுண்டா." பைனாகுலர் வாரை விரலில் சுருட்டினாள். "அத்தை, ஒண்ணு கேட்டா திட்டப்படாது."

"கேளு."

"நீங்க நிஜமாவே அழுததே இல்லையா? வீடியோல சொன்னேளே. நான் அழுதுட்டேன். ராத்திரி பூரா. அப்புறம் உங்க வீடியோவைப் போட்டுப் பாத்தேன். எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் தோணவே இல்லை. வானமெல்லாம் ஒண்ணும் தெரியல்லே, கொசுதான் இருந்துது. நான் வேஸ்ட்டாக்கும், இல்லையா? என்னால உங்களை மாதிரி ஆக முடியாதுதானே?"

ஆஷா காய்ந்த இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். எத்தனை மேடை, எத்தனை மைக்! என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தவள். இந்தக் குழந்தை தன் அழுகைக்காக வெட்கப்படுகிறது. வெட்கப்படச் சொல்லிக் கொடுத்தது யார்? பாட்டியா? பாட்டி கொல்லையைத்தான் காட்டினாள். அழக் கூடாது என்று சொன்னவள் அத்தை. கன்னத்தில் நாலு அறை வாங்கியிருந்தால் கூட அவளுக்கு இப்படி எரிந்திருக்காது.

"இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அடுக்களையில் அம்மா சுப்புலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் வீக்கம், கண் மட்டும் கூர்மை. ராஜஸ்ரீ அடுப்பருகே நின்றாள். கௌசிக் சனிக்கிழமையானதால் பெர்முடாவோடு டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான்.

"வா. வாசல் வழியா வரப்படாதா?" என்றாள் அம்மா. பிறகு கண்ணை இடுக்கினாள். "அவளைத் தொட்டாயோ?"

"தொட்டேன்."

"அப்போ அங்கேயே நில்லு. பகவானுக்கு நைவேத்யம் ஆகல்லே."

ஆஷா நின்றாள். யானைக்கூட்டத்துக்கு நடுவே பிள்ளைகளை நடத்திக்கொண்டு வந்தவள்! அம்மா நில் என்றதும் கால் தானாக அடுக்களைப் படியில் நின்றுவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"குழந்தையை உள்ளே கூப்பிடும்மா."

"திங்கக்கிழமை காலம்பற தலைக்குக் குளிச்சுட்டு வருவா."

"இந்தக் காலத்துல யாரும்மா இப்படிப் பண்றா?"

"யாருமில்லை. நானே விட்டுட்டேன்தான். ராஜஸ்ரீ வந்தப்புறம் நான் ஏதாவது சொன்னேனா? கேளு அவளை." அம்மா கறிவேப்பிலைக் காம்பை ஓரமாக வைத்தாள். "நீயாக்கும் திரும்பக் கொண்டு வந்தாய்."

ராஜஸ்ரீ முகத்தைத் திருப்பாமலே பேசினாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன் அக்கா. பொண்ணு சின்னது, பயப்படுவா, வேண்டாம்னேன். அம்மா உங்க வீடியோவைப் போட்டுக் காட்டினா. இந்த எடத்துல இருந்துதான் நம்மாத்துப் பொண்ணு இவ்வளவு பேரெடுத்தா, உன் பொண்ணுக்கு அது வேண்டாமாங்கறா. அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?" அவள் கரண்டியைச் சட்டியில் வைத்த சத்தத்தில், ஆஷாவுக்குச் சேரவேண்டியதும் இருந்தது.

"அக்கா, இதுல இவ்வளவு ஸீனாக்க என்ன இருக்கு?" என்றான் கௌசிக். "மூணு நாள். ரெஸ்ட் எடுத்துண்டு நேச்சரோட. ஜனங்க இதுக்குக் காசு கொடுத்து ரிசார்ட்டுக்குப் போறா."

"நீ மூணு நாள் போய்ப் படு," என்றாள் ஆஷா. அவன் லேப்டாப்புக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டான்.

"அது பொய்ம்மா," என்றாள் ஆஷா.

"எது பொய்? தொழுவம் பொய்யா, பலா பொய்யா?"

"சந்தோஷமா இருந்தேன்னு நான் சொன்னது."

அம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு மடியில் கிடந்த கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டே, மிக மெதுவாகச் சொன்னாள்:

"அதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமோ? ராஜஸ்ரீதான் போட்டுத் தருவா. 'எதுக்கு அழணும்'னு நீ சிரிக்கறாயே, அந்த எடம். அதுக்கு முன்னாடி எனக்கு ராத்திரி தூக்கமே கெடையாது. கண்ணை மூடினா நீ அந்த ஜன்னல்ல நிப்பாய். அன்னிக்குதான் நிம்மதியா மூச்சு விட்டேன். பெருசா ஒரு பாவமும் பண்ணிடல்லே, பொண்ணு நன்னாத்தான் இருந்திருக்கான்னு. அதுக்கப்புறம்தான் தூங்கறேன்."

இதை ஆஷா எதிர்பார்க்கவில்லை. பிடிவாதம் வரும், சாஸ்திரம் வரும், சண்டை போடலாம் என்று வந்தவள். கைகலப்புக்கு வந்தவள் கையில் குழந்தையைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பேசாமல் போய்விடலாமா என்று கூட ஒரு நொடி தோன்றியது. கிழவியின் தூக்கம். இன்னும் எத்தனை வருஷம்தான் தூங்கப் போகிறாள்? வருகிற மாதம் எப்படியாவது ராஜஸ்ரீயிடம் சொல்லிக் குழந்தையைக் கல்லாற்றுக்கு அழைத்துக்கொண்டால் போகிறது. இனிப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கொல்லையில் அந்தக் குழந்தை தன்னை வேஸ்ட் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுதான் அவளைப் போக விடவில்லை.

"நாகமோகன் வந்த காலை எதுன்னு உனக்குத் தெரியும்மா," என்றாள்.

"எந்தக் காலை?" என்றான் கௌசிக்.

"அப்பா போன காலை."

அவர்கள் அப்பா சேஷன், சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வீட்டில் வாய் திறக்காத மனுஷர். ஆனால் ஆஷா தொழுவத்தில் இருக்கும் நாட்களில் காலை ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கிணற்றடிக்கு வருவார். அதற்கு மேல் வர அவருக்கும் தைரியம் கிடையாது. கிணற்றுச் சுவரில் சாய்ந்து பேப்பரைப் பிரித்து, பெரிய எழுத்துச் செய்திகளை உரக்கப் படிப்பார். தனக்குத்தானே படித்துக்கொள்கிற மாதிரி. "மரத்துல என்ன வந்துது இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவளோடு அந்த மூன்று நாளும் பேசுகிற ஒரே குரல் அது. அவளுக்குப் பதினைந்து வயது. அன்று இரண்டாம் நாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் நாகமோகன் வந்து பலாக்கிளையில் உட்கார்ந்தது. அப்பா வரட்டும், காட்டலாம் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். அது பறந்துவிடக் கூடாதே என்று அசையாமல் இருந்தாள். அப்பா வரவில்லை.

"உள்ளே அழற சத்தம் கேட்டுது," என்றாள் ஆஷா. "நான் கூப்பிட்டேன். அம்மா, அம்மான்னு கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பெரியப்பா அடுக்களைக் கதவு வரைக்கும் வந்தார். அப்பா போயிட்டார், நீ வெளியில வரப்படாதுன்னுட்டு, கதவைச் சாத்திட்டுப் போனார். வாசல் வழியா எடுத்துண்டு போனா. எனக்குச் சத்தம்தான். அந்தச் சனியன் பிடிச்ச பறவை மட்டும் போகவே இல்லை. வேற பாக்க என்ன இருந்துது? அதைத்தான் பாத்துண்டிருந்தேன்."

கௌசிக் நாற்காலியை விட்டு எழுந்திருந்தான். அன்று அவனுக்கு ஒன்பது வயது. கொள்ளி வைத்தவன் அவன். "நீ இருந்தியேக்கா," என்றான். "அப்பா தலைமாட்டுல. எனக்கு ஞாபகம் இருக்கே."

"இல்லைடா. நான் அப்பா மூஞ்சியைப் பாக்கல்லே."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. கேக்கல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். காரியம் பண்ணி வைக்க வந்த வாத்தியார், உன் பெரியப்பா, தெருவே நின்னுண்டிருந்துது. நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"தெரியல்லேம்மா."

"அப்போ நான் பண்ணினது தப்பு."

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அதைத்தான் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா."

"அந்த வீடியோவுல நீ என்னை மன்னிச்சுட்டதா நான் நெனச்சேன்."

"உன்னை நெனச்சு நான் ஒண்ணும் சொல்லல்லேம்மா. கைதட்டறான்னு சொன்னேன்."

அடுப்பில் ஏதோ அடிபிடிக்கிற வாசனை வந்தது. ராஜஸ்ரீ கவனிக்கவில்லை. அவள் ஆஷாவின் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்படியில் திவ்யா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்போ நீங்க அழுதேளா அத்தை?"

"அழுதேன். எல்லா மாசமும்."

திவ்யா தலையாட்டினாள். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி, படியோரத்தில் வைத்தாள். வீசி எறியவில்லை, உடைந்துவிடாமல் பார்த்துத்தான் வைத்தாள். ஆஷாவுக்கு எறிந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ராஜஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு பை இருந்தது. மாற்று உடுப்பு, நாப்கின், வெந்நீர்ப்பை. அதை ஆஷாவின் கையில் திணித்துவிட்டு, எல்லோர் எதிரிலும் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் அந்தத் துணிச்சலை? "ரெண்டு நாள் வெச்சுக்குங்கோ அக்கா. நான் திங்கக்கிழமை வந்து கூட்டிண்டு வரேன். வந்தா நேரே உள்ளதான் வருவா," என்றாள். கடைசி வாக்கியம் மாமியாருக்கு.

"கொல்லை வழியாவாவது போகச் சொல்லு," என்றாள் அம்மா. உத்தரவாக இல்லை அது, கெஞ்சலாக இருந்தது.

ஆஷா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுக்களை, பூஜை அறை, கூடம், ரேழி என்று அந்த நீள வீட்டின் நடுவே நடந்தாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போன வழி. முப்பத்து மூன்று வருஷம் கழித்து அந்த வழியில் அவள் காலும் பட்டது. கௌசிக் விலகி நின்றான். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அழுகிற குரல் இல்லை, சண்டைக் குரலும் இல்லை.

"அந்தத் தடவையும் நாலாம் நாள் குளிச்சுட்டு உள்ளே வான்னு நான் கூப்பிட்டேன். நீ குளிச்சாய், சாப்பிட்டாய், பள்ளிக்கூடம் போனாய். உள்ளே மட்டும் வரவே இல்லை ஆஷா. இன்னிக்கு வரைக்கும் வரல்லே."

ஆஷா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அம்மா இனி ராத்திரியெல்லாம் தூங்காமல் எங்கே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள் என்பது தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

மலைக்குப் போகும் பஸ்ஸில் திவ்யா ஜன்னலோரம் வேண்டாம் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டாள். வெந்நீர்ப்பையை வயிற்றோடு அணைத்திருந்தாள். அதில் வெந்நீர் இல்லை. நெடுமங்காடு தாண்டியதும் கேட்டாள்:

"உங்க வீட்டுல எங்கே அத்தை படுத்துக்கறது?"

"வராந்தாவுலதான். ஆறு சத்தம் கேக்கும். நட்சத்திரமெல்லாம் நன்னாத் தெரியும்." பழக்கதோஷம், மேடைக் குரல் தானாக வந்துவிட்டது. ஆஷாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உள்ளே ரூம் இல்லையா?"

"இருக்கே. ஒண்ணு இருக்கு."

"எனக்கு உள்ளே போதும். கதவைச் சாத்திண்டு படுத்துக்கறேன்," என்றாள் திவ்யா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் உள்ளே வந்து படுத்துக்கறேளா? எனக்குத் தனியா பயமா இருக்கும்," என்றாள்.

அந்த அறையில் கூடாரத் துணியும் கயிறும் கிழிந்த மழைக்கோட்டும் கூரை வரை அடைந்து கிடந்தன. அந்த வீட்டுக்குக் குடிவந்து பதினொரு வருடத்தில் ஆஷா அங்கே ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்லை. குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருவதாகச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடுமோ என்று ஆஷாவுக்குத் தெரியவில்லை.

"மொதல்ல ரூமை ஒழிச்சுத் தரேன்," என்றாள்.